மஞ்சள் கறைக்கான ரசீது

கத்தி என் கையில்தான் இருந்தது.
பழைய பெயின்ட் சுரண்டுகிற கத்தி, ஏழு அங்குலம்,
அன்று காலையில்தான் சாணை பிடித்தேன்.
லெமுவேல் கையில் இருந்தது உருளைத் தூரிகை.
அதில் சொட்டிக்கொண்டிருந்தது
வெண்ணெய் மஞ்சள் என்று டப்பாவில் பேர் போட்ட நிறம்.

டொலீடோ நகரம், காலோவே தெரு,
அக்டோபர் மாதத்து மெலிந்த வெயில்.
வீட்டுக்காரி ஊரில் இல்லை.
ஜன்னலோரம் எவனோ நிற்கிறான் என்று
எதிர்வீட்டிலிருந்து போன் போயிருக்கிறது.
ஏணிமேல் நின்ற நான் அந்தக் கண்ணில் படவில்லை.
அல்லது, பட்டும் கணக்கில் வரவில்லை.

வண்டி வந்தது.
அவனிடம்: "கீழே போடுடா!"
போடத்தான் குனிந்தான்.
தெறித்துவிடக் கூடாதே என்று மெதுவாகக் குனிந்தான்.
ஆறு வருஷம் கூட வேலை பார்த்திருக்கிறேன்,
அடுத்தவர் தரையில் ஒரு சொட்டு விடமாட்டான்.

அதற்குப் பிறகு என்னிடம்:
"பார்த்து இறங்குங்க சார், ஏணி ஆடுது."

என் பெயர் காசிமிர்.
வெயில் பட்டால் சிவக்கிற தோல்.
கத்தியோடுதான் இறங்கினேன்.

விசாரணையில் கேட்டார்கள், எத்தனை நொடி என்று.
நாலு என்றேன்.
அதிகாரி ஒன்பது என்றார்.
ஒன்பது என்று எழுதிக்கொண்டார்கள்.
உன் கையில் என்ன இருந்தது என்று
ஒருவரும் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்.
"அது இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லாதது."
அதுதானே வழக்கே என்று
சொல்ல வாய் வராமல்
அவர்கள் வைத்திருந்த தண்ணீரைக் குடித்தேன்.

அன்று சாயங்காலமே லாரி வந்து
நடைபாதையைக் கழுவிவிட்டுப் போனது.
ரத்தம் போயிற்று.
மஞ்சள் போகவில்லை. எண்ணெய் பெயின்ட்.

லெமுவேலின் அக்கா வெர்டெல்
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
பனியும் உப்பும் தின்று மஞ்சள் வெளுத்த மார்ச் மாதம்
என் கதவைத் தட்டினாள்.
"அந்த டப்பா நம்பர் உனக்குத் தெரியும்தானே?"
அவ்வளவுதான் பேச்சு. உள்ளே வரவில்லை.
மன்னிப்பு மாதிரி ஏதாவது இருக்குமோ என்று
முகத்தைப் பார்த்தேன்.
நம்பருக்காக நின்றாள்.

கறையின் ஓரம் பிசகாமல் அதன்மேலேயே பூசினாள்.
பொதுச் சொத்தைக் களங்கப்படுத்தியதாக
எழுபத்தைந்து டாலர் அபராதம் வந்தது.
தபாலில் கட்டலாம்; அவள் நேரில் போவாள்,
மூன்றாம் ஜன்னலில் வரிசையில் நின்று
ரசீது வாங்கிக்கொள்வாள்.
இடம்: காலோவே தெரு, 418க்கு எதிரே.
விவரம்: மஞ்சள் கறை.
கீழே நகராட்சி முத்திரை.

அவன் செத்ததற்கு அந்த நகரம்
வேறு எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடவில்லை.
சுட்டவருக்கு இப்போது பக்கத்து மாவட்டத்தில் உத்தியோகம்.

எட்டு வருஷம், எட்டு ரசீது.
அவனுடைய சாப்பாட்டு டப்பாவில் வைத்திருக்கிறாள்.
நகர்மன்றக் கூட்டத்தில்
பொதுமக்களுக்குத் தலைக்கு மூன்று நிமிடம்.
எழுந்து நின்று எட்டையும் வாசிப்பாள்,
தேதி, தொகை, கறை,
தேதி, தொகை, கறை.
உறுப்பினர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.
மூன்று நிமிடத்தில் பதினைந்து வரை
வாசிக்க முடியும் என்கிறாள்.
அதற்குமேல் வேகமாக வாசிக்கப் பழக வேண்டுமாம்.

போன வருஷம் வேறு சிலரும் வந்தார்கள்.
டெட்ராய்ட் பக்கத்திலிருந்து ஒருத்தி, பெயர் ஒஸீயோலா.
அவள் மகன் கையில் இருந்தது சாவிக்கொத்து.
"நீ நிறம் கலக்கிறவன்தானே,
சாவிக்கு என்ன நிறம்?" என்று கேட்டாள்.
நாற்பது வருஷமாக இந்த வேலை.
வண்ண அட்டையை எடுத்து விரித்தேன்,
மடித்தேன்.

இந்த வருஷம் கத்தியையும் எடுத்துப் போனேன்.
எட்டுப் பூச்சு ஒன்றன்மேல் ஒன்றாக உரிகிறது,
சுரண்டாமல் புதுசு ஒட்டாது.
மண்டியிட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.
ரோந்து வண்டி ஒன்று தெருமுனையில் திரும்பியது.
வெர்டெல் தூரிகையைக் கீழே வைத்தாள்,
இரண்டு கைகளையும் வெளியே தெரியும்படி
முழங்காலில் விரித்து வைத்தாள்.
நான் எழுந்து
கத்தியைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினேன்.

வண்டி வேகம் குறைந்தது.
உள்ளிருந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்து
கையசைத்துவிட்டுப் போனார்.