ஏழாவது அள்ளல்

இரவு இரண்டு மணி என்கிறது கடிகாரம்.
வெயில் ஒத்துக்கொள்ளவில்லை.
ஜூலை முழுக்க இங்கே
அது இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

சிக்வே வின்ச்சை இழுக்கிறான்.
முந்நூற்றுப் பத்து மீட்டர் கம்பி
சொட்டச் சொட்ட ஏறி வருகிறது.
நுனியில் ஒரு இரும்பு வாய்,
பேரன்ட்ஸ் கடலின் அடியை
ஒரு கவளம் கவ்விக்கொண்டு.

என் வேலை கழுவுவது.
ஒரு மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் கொட்டி
குழாயைத் திறந்தால்
சேறு போய்விடும், ஆட்கள் மிஞ்சுவார்கள்.
ஆட்கள் என்றுதான் சொல்வாள் எல்ட்பியோர்க்.
மணல்மணியை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி ஒட்டிய
சட்டைக்குள் குடியிருக்கும் புழு.
பட்டாணி அளவு மட்டி.
பயந்தால் தன் கையைத் தானே கழற்றிப் போட்டுவிட்டு
நகர்ந்துவிடும் நொறுங்கு நட்சத்திரம்.

"உதிர்ந்த கையை எண்ணாதே,
நடுத்தட்டை மட்டும் எண்ணு"
என்பது முதல் நாள் பாடம்.
இல்லாவிட்டால் ஒரு ஆள் ஆறு ஆளாகிவிடும்.

மரமில்லை, புல்லில்லை,
வெள்ளை தவிர நிறமில்லை என்று
டிரொம்சோவுக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தேன்.
நேற்று ஒரே அள்ளலில் நூற்றுப் பதினாறு வகை.
கடிதத்தை மடித்து
மேசையின் ஆடும் காலுக்குக் கீழே வைத்தேன்.

இத்தனை பேருக்கும் வருஷத்துக்கு ஒரு பந்தி.
வசந்தத்தில் பனியின் அடிவயிற்றில் பழுப்பாய்ப் படியும் பாசி
பனி இளகும்போது உதிரும்.
மேலே நீந்துகிறவர்கள் தின்றது போக
மிச்சம் இறங்கும், இருட்டுக்குள், மெதுவாக.
பனியின் விளிம்பு இப்போது வடக்கே நகர்கிறது.
பந்தி இடம் மாறினால்
எழுந்து போக
சட்டைப் புழுவுக்குக் கால் இல்லை.

ஏழாவது முறை வாய் மூடாமல் வந்தது.
பாதி வழியில் சேறெல்லாம் ஒழுகிவிட்டது.
பற்களுக்கிடையில் ஒரு கல்.

சிவப்புக் கல்.
இந்தச் சாம்பல் சேற்றுக்குச் சம்பந்தமே இல்லாதது.
ஏதோ ஒரு மலையை உராய்ந்த பனியாறு
பெயர்த்துக்கொண்டு வந்து,
மிதந்து, கரைந்து,
இனித் தாங்காது என்று இங்கே விட்டிருக்கிறது.
எப்போது என்று கல்லுக்கும் தெரியாது.

சேற்றில் கால் ஊன்ற முடியாதவர்கள் எல்லாம்
இந்த ஒரு மனையில் வீடு கட்டியிருந்தார்கள்.
கடற்பஞ்சு மூன்று.
நகம் அளவு விளக்குச் சிப்பி ஒன்று.
சுண்ணாம்பால் கிறுக்கிய குழாய்களுக்குள்
கதவைச் சாத்திக்கொண்ட புழுக்கள்.
உச்சியில், முஷ்டியாய்ச் சுருங்கிய
கடல் சாமந்தி.

விதி எளிது: வாய் மூடாவிட்டால் மாதிரி இல்லை.
ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை ஆள் என்று கேட்கும் படிவத்தில்
கல்லுக்குக் கட்டம் கிடையாது.
எல்ட்பியோர்க் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
வாளியில் கடல்நீர் மொண்டு வந்தாள்.
கல்லை உட்கார வைத்தோம்.
காபி ஆறியது.

இருபது நிமிடம் கழித்து சாமந்தி திறந்தது.
ஆரஞ்சு நிறம்.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
படிவத்தின் பின்பக்கம் அவள் வரைந்தாள்,
நன்றாக வரையவில்லை.

கப்பல் ஒரு கிலோமீட்டர் நகர்ந்துவிட்டது என்றான் சிக்வே.
அதே தெருவுக்குத் திருப்பி அனுப்ப வழியில்லை.
இரண்டு கையாலும் தூக்கி
சாமந்தி மேல் பார்க்கத் தண்ணீரில் விட்டான்.
போய்ச் சேர மூன்று நிமிடம் ஆகும் என்று
அவனே கணக்குச் சொன்னான்.
நடுவில் புரண்டிருந்தால்?
அதை அவன் சொல்லவில்லை,
கைக்கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான்.

அள்ளல் 7: கல். வாய் மூடவில்லை. மாதிரி இல்லை.

எட்டாவதை இறக்கினார்கள்.
வாளியைக் கவிழ்க்கப் போனேன்.
அடியில் ஒரு நொறுங்கு நட்சத்திரத்தின் கை,
எண்ணக்கூடாத கை,
இன்னும் வளைந்து வளைந்து
எதையோ பிடிக்கப் பார்த்தது.