இரண்டாவது கன்ட்ரோலர்

ஆபிசர்ஸ் லைன் கடையில்
"வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஆடுவீங்க சார்?" என்றான் விற்கிற பையன்.
ஞாயிற்றுக்கிழமை, கறி வேகுற நேரம், என்றேன்.
சிரிக்காமல் கணக்குப் போட்டான்:
ஐம்பத்து நாலாயிரம், பன்னிரண்டு தவணை,
டிஸ்க் போடுகிற மாடல் என்றால் இன்னும் ஐயாயிரம்.
வருஷத்தால் வகுத்துப் பார்த்தேன்.
ஒரு கறிக்குழம்புக்கு ஆயிரத்துச் சொச்சம்.
"அதுக்கு போன்லயே கேரம் ஆடுங்களேன்" என்றாள் ஜெபசெல்வி.
அதுவும் நியாயம்தான்.

எனக்கு எக்ஸ்ரே அறையில் வேலை.
மூச்சை இழுங்க. புடிங்க. விடுங்க.
தெலுங்கில், இந்தியில்,
வங்காளத்துக்காரர்களுக்கு
ஷாஷ் நின், தோரே ராக்குன், சாடுன்.
எட்டு மணி நேரம் ஊரார் மூச்சைப் பிடித்து விட்டுவிட்டு
வீட்டுக்கு வந்தால்
யாருக்கும் எதுவும் ஆகாத ஒரு மைதானத்தில்
ஒரு பந்தை உதைக்க வேண்டும்போல் இருக்கும்.
கோப்பையெல்லாம் வேண்டாம்.

பாபு ராவ் தெரு லாட்ஜ் சுவரில், மூன்று மொழியில் ஒரு தாள்:
இண்டக்‌ஷன் அடுப்பு, குக்கர், பக்கெட் இரண்டு, கேம் மிஷின் ஒன்று.
ஏழு மாதம் இங்கே சமைத்துத் தின்றவர்கள்
ஊர் திரும்புகிறார்கள்.
மூன்றாம் மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை.
அப்பா பதினாறாயிரம் சொன்னார்.
பையனுக்குப் பத்து வயசிருக்கும்,
தலையில் முடி, மழித்து நாலு நாளான தாடி மாதிரி.
"ஒரு மேட்ச்" என்றான் கட்டிலில் இருந்தே.

ஒன்பதுக்குப் பூஜ்யம்.
"பந்து உன்கிட்ட இல்லாதப்போ
இன்னாத்துக்குண்ணா சும்மா சும்மா அமுக்குற?"
எந்த வார்டுபாய் கற்றுக்கொடுத்த தமிழோ.
மகனுக்காக வெட்கப்பட்டு
அப்பா ஆயிரம் குறைத்தார்.

எனக்கு ஒரு கணக்குத் திறந்து
தன்னை அதில் நண்பனாகச் சேர்த்தான்.
"இவன் பேரை அழிச்சிடட்டுமா?" என்று அப்பா சைகையில் கேட்டதும்
என் முகத்தைப் பார்த்தான்.
வேண்டாம், உள்ளே இடம் நிறைய இருக்கு, என்றேன்.
பொய். இடமே இல்லை.

குக்கர் பெட்டியில் வைத்துக் கட்டி
ஸ்கூட்டரில் சத்துவாச்சாரி வரை
முட்டை கொண்டுபோகிற வேகத்தில் வந்தேன்.

முதல் ஞாயிறு அப்டேட்.
கறி வெந்தது, தின்றோம், கை கழுவினோம்,
நாற்பத்தொரு சதவீதம்.
இரண்டாம் ஞாயிறு கரண்ட் இல்லை.
மூன்றாவதில் ஆடினேன். சுலபத்தில் வைத்தும்
நான்குக்கு ஒன்று.
அந்த ஒன்றும் எதிராளி தன் வலையில் தானே அடித்துக்கொண்டது.

ஒவ்வொரு தடவையும் திரை கேட்கும்: யார் ஆடுவது?
எனக்கு மிஷினே கொடுத்த கரடி முகம்.
அவனுக்குப் பல்லைக் காட்டுகிற சிவப்பு டிராகன், புபாய் பதினொன்று.
கன்ட்ரோலரும் இரண்டு.
இரண்டாவதில் இடது குமிழ் தேய்ந்து வழுவழுவென்று
ஒரு சின்னக் கட்டைவிரல் அளவுக்குக் குழிந்திருக்கும்.
ஒருநாள் ஜெபசெல்வி அதை எடுத்தாள்.
"வை அதை" என்று சொன்னவன்
அப்புறம் நானே அவள் கையில் கொடுத்தேன்.
இப்போது அவள்தான் ஜெயிக்கிறாள்.

டிராகனுக்குப் பக்கத்தில் சாம்பல் புள்ளி.
கடைசியாக வந்தது எண்பத்து மூன்று நாட்களுக்கு முன்.
பிறகு தொண்ணூறு. நூற்றி நாலு.
படம் எடுப்பதுதான் என் வேலை,
அதில் என்ன இருக்கிறது என்று சொல்வது வேறு ஆள்.
நான் எண்ணிக்கொண்டு மட்டும் இருந்தேன்.

நேற்று, கறி பாதி வெந்திருக்கையில்,
புள்ளி பச்சை.

புது மிஷினோ, பள்ளித் தோழன் வீட்டு மிஷினோ.
அழைப்பு வந்தது. ஒரு மேட்ச்.
ஜெபா, அடுப்பைச் சிம்மில் வை, என்று கத்தினேன்.
பந்து அவனிடம் இருந்தது.
நான் எதையும் அமுக்கவில்லை.