கெழக்கு, மேக்கு

வீட்டுக்கு நடுவே சுவர் எழும்பியபோது
கொத்தனாரிடம் ஓர் ஓட்டை விடச் சொன்னோம்,
சுண்டுவிரல் போகிற அளவு.
கேபிளுக்கு.

பாகப் பத்திரத்தில்
போர் தண்ணீர் முறை இருந்தது, ஒற்றைப்படை நாள் எங்களுக்கு.
தென்னை மூன்று, மோட்டார் ரூம் சாவி இரண்டு,
ஓவர்லாக் மிஷின் நம்பர் முதற்கொண்டு இருந்தது.
பிரிண்டரை மட்டும் எழுத மறந்துவிட்டார்கள்.
பத்திரத்தின் நகலை
அதில்தான் அடித்தோம்.

முதலில் ஒரு ஸ்விட்ச் பாக்ஸ் வாங்கினோம்.
ஒன்றை அழுத்தினால் நான், இரண்டை அழுத்தினால் அவள்.
பாக்ஸ் என் பக்கம்.
"ரெண்டுல வெய்யுங்க்கா" என்று
சுவர் தாண்டிக் குரல் வரும்.
வைப்பேன். வைத்ததை மறந்து
பனியன் கட்டுக்குச் சலான் அடிக்கக் கொடுத்துவிட்டு
பிரிண்டர் செத்துப்போச்சென்று நானே பதறுவேன்.

காங்கயம் ரோட்டிலிருந்து யாசீன் தம்பி வந்தான்.
"பாக்ஸத் தூக்கி வீசுங்க்கா, ஷேர் போட்டுரலாம்."
பழைய ஓட்டையிலேயே புது வயரை நுழைத்தான்.
ரெண்டு கம்ப்யூட்டருக்கும் பேர் வேண்டுமாம்.
என்னுடையதற்குப் பெரியவீடு என்று போட்டான்.
கோகிலவாணியுடையதற்கு, வெகுளிப்பையன்,
சின்னவீடு என்று போட்டான்.
பாகம் பிரிந்தபிறகு
சுவருக்கு இரண்டு பக்கமும் ஒட்டுக்காச் சிரித்தது
அன்றைக்குத்தான்.
அப்புறம் கெழக்கு, மேக்கு என்று மாற்றினோம்.

சட்டம் ஒன்றே ஒன்று:
கெழக்கு விழித்திருந்தால்தான்
மேக்குக்குத் தாள் வரும்.

பவர்டேபிள் ஆட்கள் போனதும்
லைட்டை அணைப்பேன், கம்ப்யூட்டரை விட்டுவைப்பேன்.
அவளுக்கு டியூஷன் பிள்ளைகள் பதினெட்டுப் பேர்,
ஏழாங்கிளாஸ் கணக்கு.
நடுச்சாமத்தில் வினாத்தாள் அனுப்புவாள்.
இருட்டில் என் அறையில்
பிரிண்டர் தொண்டையைச் செருமிக்கொள்ளும்.
கரண்டு பில்லைக் காட்டி வீட்டுக்காரர் ஒரு நாயம் பேசினார்.
நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தாள் குப்புறத்தான் விழும்.
எந்தக் கம்பெனிக்காரன் யோசித்தானோ, மரியாதை தெரிந்தவன்.
நானும் திருப்பிப் பார்த்ததில்லை.
அப்படியே அடுக்கிக் கிளிப் போட்டு
அவர்கள் கேட்டில் மாட்டிவிடுவேன்.

ஆடிக் காற்றில் கரண்டு வந்து வந்து போன ஒரு சாயந்திரம்
தாள் பாதி உள்ளே பாதி வெளியே சிக்கியது.
மூடியைத் திறந்து, ரோலரை விரலால் உருட்டி,
கிழியாமல் இழுக்கையில்
கண்ணை எங்கே கொண்டுபோய் வைப்பது?
வாடகை ஒப்பந்தம். சரவணம்பட்டி.
பதினோரு மாதம். செப்டம்பர் ஒன்று முதல்.
மை தீர்ந்துகொண்டிருந்தது.
அட்வான்ஸ் எவ்வளவு என்ற இடம் வெளுத்துப்போயிருந்தது,
அந்தமட்டுக்கும் நல்லது.

சிரிஞ்சில் கறுப்பு மை ஏற்றினேன், விரலெல்லாம் கறை.
வரிசையில் அவள் வேலை இன்னும் நின்றது,
மேக்கு, மூன்றில் இரண்டாம் பக்கம்.
ரத்து செய்யலாம். என் கையில்தான் இருக்கிறது.
மறுபடி ஓடவிட்டேன்.
பளிச்சென்று வந்து
குப்புற விழுந்தது.

பிரிண்ட் மட்டும்தான் பங்கு.
ஸ்கேன் சுவர் தாண்டாது, யாசீனும் முக்கிப் பார்த்துவிட்டான்.
ஸ்கேனுக்கு ஆள் நேரில் வரோணும்.

மூன்றாம் நாள் வந்தாள், கையெழுத்தான தாள்களோடு.
உங்களுக்குத் தெரியுமா என்று அவள் கேட்கவில்லை.
தெரியும் என்று நானும் சொல்லவில்லை.
"காப்பி?" என்றேன்.
"ரெண்டு போதுங்க்கா."
நான் கேட்டது குடிக்கிற காப்பி.

அந்த மூடி படியாது, அமுக்கிப் பிடிக்க வேண்டும்.
அமுக்கினாள்.
அடியில் வெளிச்சம்
கிழக்கிலிருந்து மேற்கே மெள்ளப் போயிற்று.
திரையில் இரண்டு கையெழுத்து, ஒரு முத்திரை,
ஓரமாய் அவள் கட்டைவிரல்.

"அத வெட்டி விட்ருங்க்கா" என்றாள்.
மவுஸைப் பிடித்தபடி
கோட்டை எங்கே போடுவதென்று பார்த்துக்கொண்டிருந்தேன்.
மவுஸிலும் மை ஒட்டியிருந்தது.
அந்தப் பக்கம் டியூஷன் பிள்ளைகள்
கதவைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.