பன்னிரண்டு நாற்காலி பஸ்

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில்
மருந்துச் சீட்டு பதியும் இடத்தைத் தாண்டினால்
பழைய ரிக்கார்டு ரூம்.
செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு
அங்கே எங்களுக்கு கிரேயான் கொடுப்பார்கள்.

இருபத்தாறு வருஷம் ஹெவி லைசென்ஸ்.
என்னிடம் போய்ப் படம் வரை என்றால்?
வரைந்தேன். வட்டம்.
அடுத்த வாரமும் வட்டம்.
"ஸ்டியரிங்கா?" என்றார் ஜெபக்கனி மேடம்.
"தோசை" என்றேன்.
அவர் சிரிக்கவும் இல்லை, நம்பவும் இல்லை.
தேதி போட்டு ஃபைலில் வைத்தார்.

முக்கூடல் உச்சிமாகாளிக்குத் தாள் கொடுத்தால்
கை தானாக இலை அளவுக்குக் கிழிக்கும்,
சுருட்டும், நுனி மடக்கும்.
ஒரு மணி நேரத்தில் அறுபது பீடி,
புகையிலை இல்லாமல்.
"உள்ளே என்ன வைக்கணும்னு தோணுதோ வைங்க."
மூன்று வாரம் ஒன்றும் வைக்கவில்லை.
நாலாவது வாரம் ஆளுக்கொரு சொல்லாக
எழுதி எழுதிச் சுருட்டினாள்.
பிரிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.
நூல் சுற்றிக் கட்டி
மடியில் செருகிக்கொண்டு போனாள்.

மேலப்பாளையம் செய்யதலி பாய் மேஜையைத் தட்டுவார்.
தாளம் என்று சொல்ல முடியாது,
பூட்டின கடைக்குள்ளிருந்து யாரோ தட்டுகிற மாதிரி.
பெர்லின் என்று ஒரு பையன்,
இன்ஜினியரிங் பாதியில் நின்றவன்,
காகிதம் கிழிப்பான். அது மட்டும்தான்.

என் டப்பாவில் எல்லா நிறமும் கட்டையாகிவிட்டது.
பச்சை மட்டும் வாங்கின நீளத்தில்.
மேடம் கவனித்திருப்பார். கேட்கவில்லை.

ஐப்பசியில் ஒரு நாள். மழை. கரண்ட் இல்லை.
நாற்காலிகளை வரிசையாக இழுத்துப் போட்டார்,
பன்னிரண்டில் ஒன்று முன்னால், தனியே.
"அண்ணாச்சி, இது உங்க சீட்டு. இஷ்டம் இருந்தா."
கூத்தா நடக்கு இங்க என்று எழுந்தேன்.
அதற்குள் உச்சிமாகாளி ஏறி உட்கார்ந்து
"ஏ டிரைவரே, பாபநாசம் போவுமா?
சட்டுன்னு எடும், புள்ள பள்ளிக்கூடம் விட்டு வந்துரும்" என்றாள்.
பெர்லின் கிழித்த துண்டுகளை டிக்கெட்டாக நீட்டினான்.
பாய் தட்ட ஆரம்பித்தார்.
எஞ்சின் சத்தம் அதுதான்.

எடுத்தேன்.
காற்றில் கை வட்டம் போட்டது.
மேலச்செவல் தாண்டி, பத்தமடை தாண்டி
சேரன்மகாதேவிக்கு முன்னால் அந்த வளைவு.
சைக்கிள்.
பின்னால் வாழையிலைக் கட்டு.
மிதித்தேன்.
சிமெண்ட் தரையில் குதிகால் நோக மிதித்தேன்.

பாய் தட்டுவதை நிறுத்தினார்.

அன்றைக்கு, கூட்டம் கூடினால் அடிப்பார்கள் என்று
என் பக்கக் கதவைத் திறந்து குதித்தேன்.
அது இறங்குவது ஆகாது.
வரப்பு வழியே ஓடி
ஸ்டேஷனில் போய் நின்றேன்.
எல்லா டிரைவரும் செய்வதுதான் என்றது யூனியன்.
தப்பு உன்மேல் இல்லை என்றது கோர்ட்டு.
முகம் மட்டும் நான் பார்க்கவில்லை.
ரோடெல்லாம் இலை. அவ்வளவு பச்சை.

"இறங்குதீங்களா?"
இறங்கினேன்.
தரையில் பெர்லினின் காகிதத் துண்டுகள்.
குந்தி உட்கார்ந்து
ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன்,
அடுக்கிக் கட்டிக் கொடுத்துவிட்டால்
அந்த ஆள் சைக்கிளை நிமிர்த்தி
சந்தைக்குக் கிளம்பிவிடுவார் என்பதுபோல.
எவ்வளவு நேரம் என்று தெரியாது.
உச்சிமாகாளி இறங்கி வந்தாள்,
மடியிலிருந்து பீடி நூல் எடுத்துத் தந்தாள்.

சரியாகிவிட்டதா என்றால், இல்லை.
டிப்போவில் டைம்கீப்பர் பக்கத்தில் உட்கார்ந்து
டிரிப் ஷீட் பார்க்கிறேன்.
ராத்திரி பிரேக் மிதித்துக் கட்டில் ஆடுகிறது.

இந்தப் பங்குனியில் ஒரு செவ்வாய்
பச்சைக் கிரேயானைச் சட்டைப் பையில் போட்டு வந்தேன்.
எதற்கென்று இன்னும் தெரியவில்லை.
பஸ்ஸ்டாண்டு வெயிலில் உருகி
காக்கியில் உள்ளங்கை அகலம் கறை.
சொர்ணத்தாய் துவைகல்லில் தேய் தேயென்று தேய்த்தாள்.
"போவே மாட்டேங்கு. எங்ஙன ஒட்டிச்சு இது?"

வாளி நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.
குழாயை மூடினேன்.
அவள் பக்கத்தில் ஈரத்தில் உட்கார்ந்து
"அன்னைக்கு நான் திரும்பியே பாக்கல, கேட்டியா"
என்று ஆரம்பித்தேன்.