இழப்பீட்டுப் படிவம்

உக்கர்மார்க்கில் ஏப்ரல்.
எக்கார்ட் ராட்லோஃபின் கோதுமை நடுவே ஒரு பள்ளம்,
பனியாறு உருகிப் போகையில் விட்டுச் சென்றது.
மூன்று கோடை வறண்டு கிடந்ததும்
உழுது மூடிவிட்டார்.
டிராக்டரின் திரையில் இப்போது அந்த இடம் வெறும் பச்சை.

இந்த மார்ச்சில் தண்ணீர் திரும்பி வந்தது.
யாரையும் கேட்கவில்லை.

நான் காப்பீட்டு நிறுவனத்து ஆள்.
முழங்கால்வரை ரப்பர் காலணி, அளவு நாடா, படிவம்.
முழுகிய பயிர் எண்ணூற்றுப் பத்து சதுர மீட்டர்.
வரிசை தப்பாமல் தண்ணீருக்குள் நிற்கிறது கோதுமை.
அதன் இடுக்கெல்லாம்
மல்லாந்தே நீந்தும் இறால்கள்,
நகத்தளவு, குடல் வெளியே தெரிய.
கலப்பை நாலு தரம் புரட்டிய மண்ணில்
முட்டையாய்க் கிடந்தவை.

"மீன் இல்லாத குட்டையில்தான் இதுகள் பிழைக்கும்" என்றார்.
"தெரிந்துமா உழுதீர்கள்?"
"தவணை."

வயிற்றில் நெருப்புத் துணுக்கு ஒட்டிய தேரை ஒன்று
எங்கோ ஊங் என்றது.
எதிர்க்கரையில் இன்னொன்று.
இரண்டு பேரும் பேசாமல் நின்றோம், வெகுநேரம்,
அவர் கைபேசி அடித்தது, எடுக்கவில்லை.

பரப்பு, விலை, காரணம்.
காரணம்: மழை என்று எழுதினேன்.
வந்து சேர்ந்தவற்றை எழுதக் கட்டம் இல்லை,
ஓரத்தில் எழுதி, அடித்தேன்.

வீட்டு வாசலில் காலணியைக் கவிழ்த்தால்
இடதில் ஒரு கரண்டித் தண்ணீர்.
அதில் ஒன்று, இன்னும் மல்லாந்து.

நாற்பது கிலோமீட்டர், இருட்டிவிட்டது.
ஜாம் புட்டியில் விட்டு
பக்கத்து இருக்கையில் வைத்து
சீட் பெல்ட்டும் போட்டுவிட்டேன்.