மறுபக்கச் சரிவு

தோலைக் கிடைமட்டமாகப் பிளக்கும் எந்திரத்தின்
பட்டைக் கத்தி அது. அறுந்துபோனபின்
பழைய இரும்புக்கடைக்காரன்
பாம்புச் சட்டைபோல் சுருட்டி வைத்திருந்தான்.
ஒரு சாண் மட்டும் வெட்டச் சொல்லி
எடை போட்டு வாங்கி வந்தாள் ஒப்துலியா.
"இத்தனை காலம் தோல் தின்ன இரும்பு,
இதுக்குப் புதுசா பசி காட்ட வேண்டாம்."

லியோன் நகரத்தில்
ஒரு வீட்டின் பின்கட்டில்
ஆறு பேர் குனிந்திருக்கும் பட்டறை எங்களுடையது.
சாணைக்கல் என் பொறுப்பு.
ஆறு கத்தியையும் தீட்டுபவன் நான்,
ஆறையும் ஒரே பக்கமாக.
கழிவு நோட்டும் என் பொறுப்பு:
யார், எத்தனை டெசிமீட்டர், எந்த நிறம்,
சனிக்கிழமைக் கூலியில் எவ்வளவு பிடித்தம்.
பதினோரு வருஷமாக
அதில் அதிகம் வரும் பெயர் அவளுடையது.

நொட்டாங்கைக்காரி என்போம்,
அவள் காதுபடவே.
தகர அச்சின் ஓரத்தை விட்டு
அவள் வெட்டு
கயிறறுத்த கன்றுபோல் எங்கோ மேயப் போகும்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும்
கல்லைக் கேட்டாள். தந்தேன்.
அவசரப்பட்டாள்.
பொறி பறந்து நுனியில் வைக்கோல் மஞ்சள்,
பிறகு கத்தரிப்பூ நிறம், பிறகு நீலம்.
அப்படி ஒரு நீலம்.
பதம் போச்சு.
அவள் திட்டியதை இங்கே எழுத முடியாது.
நீலம் பாய்ந்த இரண்டு விரற்கடையை
இடுக்கியில் பிடித்து ஒடித்தெறிந்துவிட்டு
மறுபடி:
மூன்று எண்ணும்வரை கல்,
மிளகாய் ஊறுகாய் டப்பாவில் தண்ணீர்,
மூன்று எண்ணும்வரை கல்,
தண்ணீர்.
விரலுக்குச் சுட்டால் இரும்புக்கும் சுடும் என்று
கையுறை போட மறுத்தாள்.

பிடிக்கு, ஜோடி தொலைந்த ஒரு காலணி அச்சுக்கட்டை.
இருபத்துநாலாம் நம்பர்.
குதிகாலை அறுத்து, பிளந்து,
எரிந்த மோட்டாரின் செம்புக் கம்பியை
ஆணியாக்கி அறைந்தாள்.
மேலே சைக்கிள் டியூப், இறுக்கி ஏழு சுற்று.
"இது வலது கால் கட்டை" என்று கேலி செய்தேன்.
"கட்டைக்குத் தெரியாது."
கூரைப் பார்த்துவிட்டு
"சரிவைப் பக்கம் மாத்தித் தீட்டிட்ட" என்றும் சொன்னேன்.
அதற்குப் பதில் இல்லை.

ஜூலை முழுக்க நோட்டில் அவள் பெயர் வரவில்லை.
பாழான துண்டுகளை ஒளிக்கிறாளோ என்று
துணுக்கு மூட்டையைக் கொட்டிப் பார்த்தேன்.
நான் அப்படிப்பட்டவன்தான்.

ஆகஸ்டில், பூட்ஸ் ஆர்டர் கழுத்தை நெரித்த ஓர் இரவு
என் கத்தி ஒடிந்தது.
அவளுடையது மேசையில் சும்மா கிடந்தது.
பிடியில் அவள் தோண்டியிருந்த குழி
என் கட்டைவிரலுக்கு இடம் தரவில்லை.
அச்சை ஒட்டித்தான் இழுத்தேன்,
கத்தி விலகியது.
அழுத்தினேன்,
இன்னும் விலகியது.
முதல் தரக் கறுப்புத் தோலில்,
இருபது வருஷக் கையிலிருந்து,
கன்று மேயப் போனது.

ஈரக் கையை உதறிக்கொண்டு
வாசலில் நின்றிருந்தாள்.
எப்போதிலிருந்து என்று தெரியாது.
சிரித்திருக்கலாம்.
"அப்படி அழுத்தாதே, நுனி போயிடும்"
என்று வாங்கி
ஏப்ரனில் துடைத்து
வேலையைத் தொடர்ந்தாள்.

நோட்டை எடுத்தேன்.
கிரெசென்சியோ. மேல்தோல் ஒன்று. கறுப்பு.
ஏழு டெசிமீட்டர்.
காரணம் என்று ஒரு கட்டம் உண்டு,
யாரும் நிரப்பாதது.
அங்கே பேனா நின்றது.

பிறகு முதல் பக்கத்துக்குத் திருப்பி
அவள் பெயருக்கு எதிரே உள்ள தொகைகளைக்
கூட்ட ஆரம்பித்தேன்.
இரண்டாம் வருஷத்தில் இருக்கிறேன்.
பக்கத்தில் அவள் வெட்டும் சத்தம்,
பட்டுத்துணி கிழிவதுபோல்,
நேராக.