31, 32

ஒரு நாளைக்கு நாற்பது கதவு.
கதவுக்கு ஒரு புன்னகை,
ஆப்பில் ஒரு பச்சைப் புள்ளி.
நாற்பது விழாவிட்டால் பெட்ரோல் காசு கிடையாது
என்பது பெலிக்ஸின் வேதம்.
அவனுக்கு இருபத்துநாலு வயது. எனக்கு டீம் லீடர்.

காரைக்குடியில் தண்ணீர் மெஷின் விற்க வந்தவனை
முதல் வீட்டிலேயே சிரித்து அனுப்பினார்கள்:
"சம்பை ஊத்துத் தண்ணிக்கா?"
மீட்டரும் அவர்கள் கட்சி.
டம்ளரில் நனைத்தால் எண் ஏற மாட்டேன் என்கிறது.
காய்ச்சல் இல்லாத பிள்ளையின் நெற்றியில்
திரும்பத் திரும்பக் கைவைத்துப் பார்க்கும்
லீவு வேண்டிய குமாஸ்தா மாதிரி நிற்கிறேன்.

கம்பெனி உத்தரவு, லேஸ் வைத்த ஷூ.
வாசலுக்கு வாசல் அவிழ்த்து, கட்டி, அவிழ்த்து,
பதினோரு மணிக்குமேல் லேஸை உள்ளே திணித்துக்கொண்டேன்.
இடது காலுறையில் ஓட்டை.
ஆத்தங்குடிக் கல் எவ்வளவு குளிர்ச்சி என்று
என் பெருவிரலுக்கு மட்டும் தெரியும்.

கழுத்து அட்டையில் 'குடிநீர் ஆலோசகர்'.
பிப்ரவரி வரை உதவிப் பேராசிரியர், வேதியியல்.
கல்லூரியை மூடினார்கள்,
பஸ்கள் மட்டும் நல்ல விலைக்குப் போயின.
ஓசூரில் ஒரு மருந்துக் கம்பெனி
"சொல்லி அனுப்புகிறோம்" என்றிருக்கிறது.
அதுவரைக்கும்
மச்சினன் ஸ்கூட்டர், இந்த வெயில்.

மெ.சொ.கரு. வீடு. முப்பத்தொன்றாம் கதவு.
என் தட்டல் அந்த நிலையைத் தாண்டி
உள்ளே போனதாகவே தெரியவில்லை.
கிளம்பலாம் என்று திரும்பியபோது
ஒரு பெண் ஓடிவந்து திறந்தாள், மூச்சு வாங்க.
"வீட்ல யாரும் இல்லீங்க. பதினோரு புள்ளி,
எல்லாரும் வெளியூரு. படைப்புக்குத்தான் வருவாக."
பதினோரு புள்ளியும் இல்லாத வீட்டுக்கு
ஒரு புள்ளி வைத்துக்கொண்டு நகர்ந்தேன்.

சந்து திரும்பி அடுத்த தெரு.
முப்பத்திரண்டாம் கதவு சின்னது, நீலம்.
தட்டினேன். அதே பெண்.
அவளுக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.
அந்தத் தெருவில் தொடங்கிய வீடு
இந்தத் தெருவில்தான் முடிகிறதாம்.
அவள்தான் முதலில் சிரித்தாள்.
"முன்னால யாரும் இல்ல. இங்கன நான் இருக்கேன், வாங்க."
பேர் பஞ்சவர்ணம்.

பையில் ஒன்று இருந்தது:
இரண்டு டம்ளர், நான்கு கம்பி, ஒரு ப்ளக்.
சுவிட்சைப் போட்டால் நல்ல தண்ணீர்
பழுப்பாகும், பச்சையாகும், சாக்கடையாகும்.
பார்ப்பவர்கள் வாயைப் பொத்திக்கொள்ளும் அந்த நேரத்தில்
மாதத் தவணையைப் பற்றிப் பேச வேண்டும்.
மூன்று வாரமாக நான் அதை வெளியே எடுக்கவில்லை.
இன்று முப்பதாம் தேதி. எடுத்தேன்.

தண்ணீர் பழுத்தது.
பஞ்சவர்ணம் வாயைப் பொத்தவில்லை.
குனிந்து, தண்ணீரை விட்டுவிட்டு, கம்பியைப் பார்த்தாள்.
"இது கம்பி கக்குறதுல்ல?
ஈயம் போன பித்தளைச் சட்டில புளி ஊத்துனா
இப்படித்தான் வரும்.
தண்ணி என்ன பண்ணுச்சு, பாவம்."

மூன்றாம் செமஸ்டர், இரண்டாம் அலகு.
நேர்மின்வாய் கரையும் என்று
வருஷத்துக்கு அறுபது பேருக்குச் சொன்னேன்.
எழுதிக்கொண்டார்கள்.
கம்பியைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.
கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று,
சாக்பீஸ் இருந்த இடத்துக்கு.
"கம்பிதாங்க" என்றேன்.
சுவிட்சை அவளே அணைத்தாள்.

வாடிக்கையாளர் ஏன் மறுத்தார், ஆப் கேட்கிறது.
விலை அதிகம். ஏற்கெனவே உள்ளது. வீட்டில் ஆள் இல்லை.
அதற்குக் கீழே வேறு கட்டம் இல்லை.
மூன்றாவதைத் தொடப்போய், வேண்டாம் என்று
முதலாவதைத் தொட்டேன்.

ஷூவுக்குள் காலை நுழைத்தபோது சொன்னாள்:
"இன்னொரு வாட்டி வந்தா முன்னால தட்டாதீக.
அம்புட்டுத் தூரம் ஓடி வரணும்."

இன்னும் எட்டுக் கதவு பாக்கி.
வீடு நான்குதான் இருக்கும்.